கண்ணால் இழுக்காதீர்கள்: விராலுக்குத் தவளை வீசுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

போன தை மாதத்தில் ஒரு விடியற்காலை. நேமம் பக்கம் ஒரு சின்ன ஏரி. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். அல்லி இலைகளுக்கு நடுவே ரப்பர் தவளையைத் தத்தத் தத்த இழுத்துவந்தேன். 'பளார்' என்று தண்ணீர் வெடித்தது. கை தானாக மேலே போனது. தவளை பறந்துவந்து தோளில் மோதி விழுந்தது. திரும்ப வீசினேன். திரும்பவும் அடி, திரும்பவும் வெறும் தவளை. ஏழு மணிக்குள் ஐந்து அடி விழுந்தது. பையில் ஒரு மீன் இல்லை.

கலங்கல் மேல் உட்கார்ந்து வேப்பங்குச்சி மென்றுகொண்டிருந்த பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா தம்பி, அது வாய மூடறதுக்குள்ள நீ புடுங்கிக்கினா எத்தத் துன்னும்?" என்றார். குச்சியைத் துப்பிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "கண்ணால இழுக்காத. கையால இழு."

இந்தப் பட்டியல் முழுவதும் அந்தக் கடைசி வார்த்தைக்கான விளக்கம்தான்.

எந்த மீன், எந்தத் தவளை

பூந்தமல்லிக்காரர்களுக்கு ஏரிப் பஞ்சம் கிடையாது. தென்மேற்கே செம்பரம்பாக்கம் இருக்கிறது. நிறைந்தால் 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. அந்தப் பக்கம் நேமம், இந்தப் பக்கம் போரூர், வடக்கே அயனம்பாக்கம், ஆவடி போகிற வழியில் பருத்திப்பட்டு. பெயர் தெரியாத தாங்கல்களும் குட்டைகளும் தனிக் கணக்கு. கோரை, சம்பு, அல்லி, ஆகாயத்தாமரை மண்டிய ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே விரால் இருக்கும்.

பழைய தமிழில் இதன் பெயர் வரால். ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் 1793-ல் இதை விவரித்து அறிவியல் பெயர் கொடுத்தார். இன்றைய பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. செவுளுக்கு மேலே காற்றை நேரடியாக மூச்சிழுக்கும் உறுப்பு இதற்கு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடிக்காவிட்டால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். அதனால்தான் இதன் பிழைப்பு எப்போதும் மேல்தண்ணீரை ஒட்டியே நடக்கிறது. தலைக்கு மேல் எது தத்தினாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து மூங்கில் கழியில் தொங்கவிடுவார்கள். இப்போது ரப்பர் தவளை. கடையில் இரண்டு சாதி கிடைக்கும். ஒன்று, வயிறு வெறும் பையாக இருக்கிற 'ஹாலோ' தவளை. இரட்டை முள் அதன் முதுகை ஒட்டிப் படுத்திருப்பதால் புல்லிலும் இலையிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். மற்றது 'ஜம்ப் ஃப்ராக்'. தாய்லாந்து, மலேசியாப் பக்கம் புழங்கி இங்கே வந்தது. கட்டைவிரல் அளவு கெட்டி உடம்பு, வால் பக்கம் சுழலும் தகடு, முள் வெளியே தெரியும்.

ஏன் காத்திருக்க வேண்டும்

ஹாலோ தவளையின் முள் மறைந்திருக்கிறது. விரால் வாயை மூடி ரப்பரை நசுக்கினால்தான் முள் முனை வெளியே வரும். அதற்கு முன்னால் நீங்கள் சுண்டினால், அதாவது ராடை வெடுக்கென்று பின்னிழுத்து முள்ளை ஏற்றப் பார்த்தால், வழுக்கும் ரப்பர் பந்து ஒன்றைத் திறந்த வாயிலிருந்து உருவுகிறீர்கள். அவ்வளவுதான் நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. விரால் கீழிருந்து பாயும்போது அதற்கு முன்னால் ஒரு அலை எழும். அந்த அலையே தவளையைத் தள்ளிவிடலாம். நாம் பார்க்கிற வெடிப்பு பல சமயம் இரை வாய்க்குள் போனதன் அடையாளம் இல்லை, மீன் வந்து சேர்ந்ததன் அடையாளம். கண் முதல் செய்தியைச் சொல்கிறது. கைக்கு வருவது இரண்டாவது செய்தி. முள் ஏறுவது இரண்டாவது செய்தியில்.

இது நம் ஏரிகளுக்கு மட்டுமான வித்தையும் இல்லை. அமெரிக்க, கனடா ஏரிகளில் 'மஸ்கி' என்று ஒரு மீன் உண்டு. ஆளுயரம் நெருங்க வளரும், வாய் நிறையப் பல். பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று வரும் என்று அங்கே சொல்லிக்கொள்வார்கள். தண்ணீர் மேல் சலசலத்து ஓடும் லூரை, அதாவது போலி இரையை, அது அடிக்கும்போது அங்குள்ள அனுபவசாலிகள் புதியவருக்குச் சொல்வதும் இதுதான்: தண்ணீர் சிதறுவதைப் பார்த்துச் சுண்டாதே, சுற்றிக்கொண்டே இரு, மீனின் எடை ராடில் தெரிந்ததும் சுண்டு. ஒரு வித்தியாசம் உண்டு. மஸ்கி லூரில் மும்முனை முட்கள் திறந்தபடி தொங்கும். எடை தெரிந்த அந்தக் கணமே அங்கே போதும். நம் ஹாலோ தவளைக்கு அதற்கு மேல் ஒரு மூச்சு வேண்டும், வாய் மூடி ரப்பர் நசுங்குவதற்காக.

அந்த ஒரு மூச்சை எப்படி அளப்பது? கைக்கடிகாரத்தைப் பார்க்க முடியாது. நான் கண்டுபிடித்த அளவுகோல் நம் ஊர்ப் பெயர்தான். பஸ்ஸில் 'பூந்தமல்லி' என்று எழுதியிருப்பதற்கு முந்தைய, கோயில் பத்திரிகைகளில் இன்னும் அச்சாகிற முழுப் பெயர்: பூவிருந்தவல்லி. அவசரமில்லாமல் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஹாலோ தவளைக்கு அந்த நேரம்தான் வேண்டும்.

## செய்ய வேண்டியவை

வீசுவதற்கு முன்

1. முள் முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள். லேசாக இழுத்தால் நகத்தில் குத்தி நிற்க வேண்டும். வழுக்கினால் அரம் போடுங்கள். விராலின் மேல்வாய் எலும்பு. மழுங்கிய முள்ளுக்கு எவ்வளவு சரியான நேரத்தில் சுண்டினாலும் பலன் இல்லை.

2. தவளையைப் பிசைந்து பாருங்கள். இரண்டு விரலால் அழுத்தியதும் முள் வெளியே வர வேண்டும். புதுத் தவளை சில சமயம் விறைப்பாக இருக்கும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் இளகும். அப்படியும் முள் பதுங்கினால், இடுக்கியால் இரண்டு முனையையும் ஒரு நூல் அளவு மேலே நெம்பிவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், புல்லெல்லாம் சிக்கும்.

3. தவளை வயிற்றுத் தண்ணீரை அடிக்கடி பிழியுங்கள். உள்ளே தண்ணீர் ஏறிய தவளை பாதி முழுகி நடக்கும், நசுங்கவும் நேரம் எடுக்கும். நான்கைந்து வீச்சுக்கு ஒருமுறை பிழிந்துவிட்டால் கவலையில்லை.

4. பிரெய்டு நரம்பு கட்டுங்கள். 40 பவுண்டு, புதர் அதிகமென்றால் 50. தங்கூஸ் நரம்பு ரப்பர் மாதிரி நீளும். இருபது மீட்டருக்கு அப்பால் நீங்கள் சுண்டுகிற விசையில் கணிசமான பங்கை அந்த நீட்சியே தின்றுவிடும். பிரெய்டு நீளாது. நீங்கள் இழுத்தது இழுத்தபடி முள்ளுக்குப் போகும்.

5. ட்ராகை, அதாவது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, இறுக்கி வையுங்கள். சுண்டும்போது ரீல் 'கிர்' என்று நரம்பை விட்டுக்கொடுத்தால் முள் பாதிதான் ஏறும். கடலில் ஓடவிட்டுப் பிடிக்கலாம். ஆகாயத்தாமரைக்குள் விராலை ஓடவிட்டால் கதை முடிந்தது.

இழுத்துவரும்போது

6. ராடு நுனி தண்ணீரைப் பார்த்திருக்கட்டும். நுனியைக் கீழே வைத்து மணிக்கட்டால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் நரம்பு சற்றே தளர வேண்டும். மீன் வாயைத் திறக்கும்போது அந்தத் தளர்வு இருந்தால்தான் தவளை உள்ளே போகும். விறைத்த நரம்பு தவளையை வாசலிலேயே பிடித்து நிறுத்திவிடும்.

7. திட்டுத்திட்டான தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள். இலைப் பரப்பின் மேல் நடத்திக்கொண்டு வந்து, நடுவில் ஓட்டை மாதிரித் தண்ணீர் தெரியும் இடத்தில் தவளையை இரண்டு மூன்று வினாடி சும்மா விடுங்கள். நின்ற இரையை மீன் குறிதவறாமல் அடிக்கும். ஓடுகிற இரையில் தவறுவது சகஜம். உங்கள் சுண்டலைத் திருத்துவதற்கு முன்னால் மீனின் குறியைத் திருத்திக் கொடுங்கள்.

8. தவளைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிப் பாருங்கள். கோரைத் தண்டு ஆடுவது, இலை தூக்குவது, தண்ணீரில் ஏர்ச்சால் போட்ட மாதிரி ஒரு கோடு தொடர்வது, இவை அடிக்கு முந்தைய அறிவிப்புகள். வருகிறது என்று முன்பே தெரிந்தவன் பதறமாட்டான். காத்திருக்க முடியாமல் போவதற்குப் பாதிக் காரணம் திடுக்கிடல்தான்.

அடி விழுந்ததும்

9. ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். ஹாலோ தவளையென்றால் 'பூவிருந்தவல்லி' முழுதாக. ஜம்ப் ஃப்ராக்கில் முள் வெளியே இருக்கிறது, உடம்பும் சின்னது. அதற்குப் பஸ் போர்டில் இருக்கிற 'பூந்தமல்லி' போதும், அதையும் சட்டென்று சொல்லிவிடலாம்.

10. சொல்லிக்கொண்டே நுனியைத் தாழ்த்தித் தளர்வைச் சுற்றுங்கள். சும்மா நிற்பதைக் காத்திருப்பது என்று நினைக்க வேண்டாம். பெயரின் முதல் பாதியில் ராடு நுனி மீனை நோக்கி இறங்க வேண்டும். மறு பாதியில் ரீல் இரண்டு சுற்றுச் சுற்றித் தொங்கும் நரம்பை எடுத்துவிட வேண்டும். 'வல்லி' என்று முடிக்கையில் நரம்பு நேராகி, அந்தப் பக்கம் ஒரு கனம் தெரியும். ஈரத் துணி ஒன்றைத் தொங்கவிட்ட மாதிரி, கொஞ்சம் அசைகிற கனம்.

11. கனம் தெரிந்தால் மட்டும் சுண்டுங்கள். ஊர்ப் பெயர் கையைப் பிடித்து நிறுத்துகிற பிரேக். உத்தரவு கொடுப்பது கனம். பெயர் முடிந்தும் கனம் இல்லையென்றால் மீன் எடுக்கவில்லை என்று அர்த்தம், சுண்டாதீர்கள். பெயர் பாதியிலேயே நரம்பு விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தால், பெயரை அங்கேயே விட்டுவிட்டுச் சுண்டுங்கள். மீன் கவ்விக்கொண்டு போகிறது.

12. ஒரே சுண்டு, உடம்போடு. இரண்டு கையும் ராடில், ஒரு கால் பின்னால், இடுப்பைத் திருப்பி மேல்நோக்கி ஒரே வெட்டு. மணிக்கட்டு மட்டும் போட்டால் எலும்பு வாயில் இரட்டை முள் ஏறாது.

13. அடியின் குரலைக் கேட்டுப் பழகுங்கள். எல்லா அடியும் ஒன்றில்லை. தண்ணீர் ஆளுயரம் தெறித்து, தவளை காற்றில் பறந்தால் பெரும்பாலும் அது தவறிய அடி. காத்திருங்கள், திரும்ப வரும். 'ளொக்' என்று ஒரு சின்னச் சத்தம், தவளை இருந்த இடத்தில் சுழி மட்டும், தவளையைக் காணோம் என்றால், அது நன்றாக வாய்க்குள் போன அடி. பெயரைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லலாம். சின்னதாகப் 'பட் பட்' என்று இரண்டு மூன்று தட்டு வந்தால் குரவையாகவோ குட்டி விராலாகவோ இருக்கும். தவளையின் காலைக் கடித்து இழுக்கிறது, விட்டுவிடுங்கள்.

14. தவறினால் தவளையை அங்கேயே விடுங்கள். இதுதான் கடினமான பாடம். அடி தவறியதும் மீன் ஓடிப்போவதில்லை, அங்கேயே சுற்றித் தேடும். தவளையை அசையாமல் விட்டு, மூன்று நான்கு வினாடி கழித்து ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் மெதுவாக எடுத்து, அதே இடத்துக்கு ஒரு கஜம் அப்பால் வீசி அந்த வழியாகக் கொண்டுவாருங்கள். முதல் அடியிலேயே சுண்டித் தவளையைக் கரைக்குக் கொண்டுவந்தவருக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

15. முள் ஏறியதும் தலையை மேலே வைத்திருங்கள். நிறுத்தாமல் சுற்றுங்கள். விராலின் தலை தண்ணீர் மேல் இருக்கும்வரை அது வழுக்கிக்கொண்டு வரும். தலை கீழே போனால் வேலம்பாசியைச் சுற்றிக்கொண்டு, மீனுக்குப் பதில் ஐந்து கிலோ பாசியை இழுப்பீர்கள்.

## செய்யக்கூடாதவை

1. சத்தத்துக்குச் சுண்டாதீர்கள். அதிகம் பேர் மீனை விடுவது இங்கேதான். கண்ணும் காதும் கையைவிட வேகமானவை. பட்டாசு வெடித்தால் தோள் தூக்குவது போல, தண்ணீர் வெடித்தால் ராடு தூக்கும். அதைப் பழக்கத்தால்தான் அடக்க முடியும்.

2. ராடு நுனியை வானத்தில் வைத்து நடத்தாதீர்கள். நுனி ஏற்கெனவே உங்கள் தலைக்கு மேல் இருந்தால், அடி விழும்போது சுண்டுவதற்கு இடமே இல்லை. பின்னால் சாய்ந்து விழுவதுதான் மிச்சம்.

3. தளர்ந்த நரம்பில் சுண்டாதீர்கள். தவளை நடப்பதற்குத் தளர்வு நல்லது, சுண்டும்போது அதுவே எதிரி. தொய்வை எடுக்காமல் போட்ட சுண்டு நரம்பை நிமிர்த்துவதிலேயே செலவாகிவிடும். மீனுக்குப் போய்ச் சேர்வது ஒரு கிள்ளு.

4. அளவுக்கு மீறிக் காத்திருக்காதீர்கள். 'பூவிருந்தவல்லி' ஒருமுறைதான், தேவாரம் மாதிரி நீட்டி முழக்குவதற்கு இல்லை. ரப்பர் என்று தெரிந்தால் விரால் துப்பிவிடும். துப்பாவிட்டால் தொண்டைக்குள் இறக்கிவிடும். தொண்டையில் குத்திய மீனை விடுவித்தாலும் பிழைப்பது கடினம். உயிர்த் தவளை போட்டவர்கள் பீடி பற்றவைக்கிற நேரம்வரை விடுவார்கள். அந்தக் கணக்கை ரப்பருக்குக் கொண்டுவராதீர்கள்.

5. ஏறினதா என்று சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி சுண்டாதீர்கள். ஒவ்வொரு சுண்டுக்கும் நடுவே நரம்பு தளரும். விரால் தலையை உதறுகிற நேரமும் அதுவே. அதோடு முதல் சுண்டு போட்ட துளை பெரிதாகி முள் கழன்றுவிடும். ஒரு சுண்டு, பிறகு சுற்றல். அவ்வளவே.

6. செங்குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசாதீர்கள். மழைக்காலத்தில் ஏரி ஓரத்தில் கைக்குட்டை அகலத்துக்குச் செந்நிறப் பொடிக் குஞ்சுகள் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்து போகும். அவை காற்றுக் குடிக்க வரும் விரால் குஞ்சுகள். கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தில் எதை வீசினாலும் அது அடிக்கும், பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. வாயை மூடாமல் முட்டித் தள்ளுகிற அடி அது, முள் சரியாக ஏறாது. ஏறிவிட்டால் இன்னும் மோசம். காவல் போன கூட்டத்தைக் கெளுத்தியும் மற்ற மீன்களும் கொக்கும் காலி செய்துவிடும். ஒரு குழம்புக்காக அடுத்த வருஷத்து ஏரியைத் தின்னாதீர்கள்.

7. உயிர்த் தவளைக்குத் திரும்பாதீர்கள். தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல் தவளைகள் கண்மண் தெரியாமல் பிடிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1987-ல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. கொசுவையும் பூச்சியையும் தின்கிற அந்தப் பிராணியை முள்ளில் கோர்க்கத் தேவையே இல்லாமல் ரப்பர் செய்துவிட்டது. கொஞ்சம் பொறுமைதான் கூடுதல் செலவு.

8. பிடித்த விராலை வலைப்பையில் போட்டுத் தண்ணீருக்குள் அமுக்கி வைக்காதீர்கள். மற்ற மீனுக்கு அது பாதுகாப்பு, விராலுக்கு அது தூக்குக் கயிறு. மேலே வந்து காற்றுக் குடிக்க முடியாமல் செத்துப்போகும். விடப்போகிற மீனென்றால் கையை நனைத்துப் பிடியுங்கள், இடுக்கியால் முள்ளை எடுங்கள், நேராக விடுங்கள். சமைக்கப்போகிற மீனென்றால் ஈரச் சாக்கு போதும். அரை கிலோகூடத் தேறாத குட்டியை விடுங்கள். அது உங்கள் வீட்டுச் சட்டிக்கும் போதாது.

9. அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். 'அரசாங்க ஏரிதானே' என்று வாதாட வேண்டாம். பல ஏரிகளின் மீன்பாசி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். மீன்குஞ்சு விட்டு வளர்ப்பவர் பணம் கட்டியவர். கரையில் யாரையாவது கேட்டால் அவர் யாரென்று சொல்லிவிடுவார்கள். "அண்ணே, தவளைதான் வீசறேன், வலை இல்ல" என்று முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்பவர்கள் குறைவு. செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகளில் மதகு, ஷட்டர் பக்கம் போகவே வேண்டாம். அந்த ஷட்டர் திறந்தால் கீழே அடையாற்றில் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் சென்னை முழுவதும் பார்த்தது.

10. தெரியாத தண்ணீரில் காலை வைக்காதீர்கள். சிக்கிய தவளையை எடுக்க முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்குவார்கள். மண் அள்ளிய பள்ளம் அடுத்த அடியில் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. நம் பக்கத்து ஏரிகளில் ஆள் முழுகுவது இப்படித்தான். ஒரு ரப்பர் தவளையின் விலை சில நூறு ரூபாய், அறுத்துவிட்டு வாருங்கள். கரையில் புல்லுக்குள் நடக்கும்போது ஷூ போடுங்கள், காலால் தட்டிக்கொண்டே போங்கள். கண்ணாடி விரியனுக்கும் அதே புல்தான் வீடு.

11. கண்ணாடி இல்லாமல் சுண்டாதீர்கள். உங்களுக்கு நேர் பின்னால் யாரையும் நிற்கவிடாதீர்கள். தவறிய சுண்டில் தவளை உங்கள் முகத்துக்கு நேராகத்தான் வரும். அன்று என் தோளில் விழுந்தது ஒரு சாண் தள்ளியிருந்தால், இதை எழுதும் கண் ஒன்றாக இருந்திருக்கும்.

12. அறுந்த நரம்பை ஏரியில் விட்டுவிட்டு வராதீர்கள். பிரெய்டு எளிதில் மக்காது. நாரைக்கும் நீர்க்காகத்துக்கும் அது காலில் மாட்டும் விலங்கு. சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஏரிக்குப் போகாமலே ஒரு பயிற்சி

இத்தனையும் படித்த பிறகும் முதல் அடிக்கு உங்கள் கை மேலே போகும். எனக்கும் போனது. படித்தது மூளைக்குத்தான் தெரியும், கைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். அதற்கு மொட்டை மாடி போதும்.

முள்ளைக் கழற்றிவிட்டு, நரம்பு நுனியை ஒரு பழைய துணியில் கட்டி, மாடியின் அந்தக் கோடியில் நிற்கிற நண்பரிடமோ வீட்டுப் பையனிடமோ கொடுங்கள். ராடைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் நினைத்தபோது வாளித் தண்ணீரில் 'பளார்' என்று அடிக்கட்டும். சில தடவை அடித்ததோடு நிறுத்தட்டும், சில தடவை அடித்த பிறகு துணியை இறுக்கிப் பிடிக்கட்டும். சத்தம் கேட்டதும் நுனியைத் தாழ்த்துங்கள், ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே சுற்றுங்கள், கனம் தெரிந்தால் மட்டும் சுண்டுங்கள். கனம் இல்லாதபோது சுண்டிவிட்டால் ஒரு டீ உங்கள் கணக்கில்.

முதல் நாள் எனக்கு ஆறு டீ செலவானது. இரண்டாவது வாரம் ஒன்று. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதே ஏரிக்குப் போனேன். மூன்று அடி விழுந்தது. ஒன்று தவறிய அடி, சுண்டாமல் விட்டேன். ஒன்றில் அவசரப்பட்டேன், பழைய புத்தி. ஒன்று முக்கால் கிலோ விராலாகக் கரையேறியது. கலங்கல் மேல் பெரியவர் அன்று இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு வீசலாம்.